நேராக்கல்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்சட்டகமும் 'சிறு சேதம்' என்ற சொல்லும்

1

வரலாறு என்றால் உற்பத்தியின் வரலாறு என்றே நாம் பழகிப்போயிருக்கிறோம். இடதுசாரிகள் எழுதும் தொழிலாளர் வரலாறாகட்டும், முதலாளிகள் காசு கொடுத்து எழுதவைக்கும் கம்பெனி வரலாறாகட்டும், இரண்டுமே தொழிற்சாலை வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிந்துபோகின்றன. வாசலைத் தாண்டி வெளியேறிய பொருளுக்கு என்ன ஆனது, யார் யார் கை அதன்மேல் பட்டது, எத்தனை முறை அது உடைந்து எத்தனை முறை எழுந்து ஓடியது என்பதெல்லாம் கணக்கில் சேர்த்தியில்லை.

மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் (எங்கெல்ஸ் 1885இல் பதிப்பித்தது) ரிப்பேர் பற்றிச் சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். ரயில்வேயை எடுத்துக்காட்டாக வைத்து, தேய்ந்ததை மாற்றும் செலவு வேறு, பழுது பார்க்கும் உழைப்பு வேறு என்று பிரித்துக்கொண்டே போகிறவர், இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு நெகிழ்வானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நெகிழ்வான கோடுதான் எனக்கு முக்கியம். எது பழுது, எது சாவு? எதைச் சரிசெய்யலாம், எதைத் தூக்கிப்போட வேண்டும்? இதைத் தீர்மானிப்பது யார்?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சின்ன விஷயத்துக்குள் நுழையப் பார்க்கிறேன். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்பக்கம் லேசாக இடிபட்டு அதன் சேசிஸ் கொஞ்சம் வளைந்துபோனால் அதை எப்படி நிமிர்த்துவது என்பதுதான் அது. 'ஸ்போர்ட்ஸ் கார் பற்றி எழுத வேற பத்திரிகையே கிடைக்கலையா?' என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கட்டும். 1962இல் வந்து 1980 வரை ஓடிய இந்த வண்டி கோடீஸ்வரர் வண்டி அல்ல. ஒரு சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சினையும் முன்சஸ்பென்ஷனையும் எடுத்து, அதன் சேசிஸையே குட்டையாக்கி, மேலே வேறு உடம்பு போட்டு மலிவாக விற்ற வண்டி. அந்தக் குடும்பக் கார் ட்ரையம்ஃப் ஹெரால்டு. சென்னைக்காரர்களுக்கு அது வேற்றாள் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

முதலில், இந்தக் காருக்கு வளைவதற்கு ஒரு சேசிஸ் ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஹெரால்டு வெளிவந்த 1959இல் பெரும்பாலான புதிய கார்களுக்குத் தனி சேசிஸ் கிடையாது. அடித்தளம், பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டு உடம்பே சட்டகமாக நிற்கும் முறை வந்துவிட்டது. அப்படியிருக்க, இரண்டு நீள இரும்புப் பெட்டிச் சட்டங்களை நடுவில் முதுகெலும்பு மாதிரி நெருக்கி, அதன்மேல் உடம்பைத் துண்டுதுண்டாகப் போல்ட்டு போட்டுப் பூட்டும் பழைய வழிக்கு ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி ஏன் திரும்பியது?

தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் இதைப் பொறியாளரின் ரசனையாகச் சொல்லப் பார்ப்பார்கள். விஷயம் அது இல்லை. பிரிட்டனில் கார் கம்பெனிகள் பலவும் உடம்பைத் தாங்களே செய்துகொள்ளவில்லை. அதற்கென்றே இருந்த அச்சழுத்த ஆலைகளிடம் வாங்கின. 1953இல் ஃபோர்டு பிரிக்ஸ் ஆலையை வாங்கியது. அதே ஆண்டில் பி.எம்.சி. என்கிற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை விழுங்கியது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு செய்துகொடுத்துக்கொண்டிருந்த ஆலை அது. அடுத்த மாடலுக்கு உடம்பு கிடையாது என்று கை விரித்துவிட்டார்கள். முழு உடம்பை ஒரே இடத்தில் அழுத்தி வெல்டு செய்துதர ஆள் இல்லை. சின்னச்சின்ன இடங்களில் சின்னச்சின்னத் துண்டுகளாகச் செய்து வாங்கி, கடைசியில் ஒரு சட்டகத்தின்மேல் பூட்டுவது ஒன்றுதான் வழி. தூரினைச் சேர்ந்த ஜோவான்னி மிக்கெலோட்டி உடம்பை வரைந்தார். ஹாரி வெப்ஸ்டர் பொறியியல் பக்கத்தைப் பார்த்தார்.

ஆக, இந்தச் சேசிஸ் முற்றுரிமை மூலதனம் ஒரு சின்னக் கம்பெனியின் கழுத்தை நெரித்தபோது அந்த நெரிப்பிலிருந்து பிறந்த வடிவம். அதிகாரம் எதையும் மறுக்க மட்டும் செய்வதில்லை, உற்பத்தியும் செய்கிறது என்று ஃபூக்கோவை வைத்து நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். இங்கே அதைக் கையால் தொட்டே பார்க்கலாம். மறுப்பின் விளைவாகவே, பிரித்துப் பூட்டக்கூடிய, ஆகவே பழுது பார்க்கக்கூடிய ஒரு கார் உருவாகிவிட்டது. முற்றுரிமை தெரிந்தா கொடுத்தது? தெரியாமல் கொடுத்த வரம்.

1960 கடைசியிலும் 1961லும் கம்பெனியே லேலண்டு கைக்குப் போனது. கணக்குப் பார்க்க வந்த புதிய நிர்வாகிகள், ஆலையின் மூலையில் தூசுத்துணி மூடிக் கிடந்த மிக்கெலோட்டியின் ஒரு மாதிரி வண்டியைக் கண்டு அதைத் தயாரிக்கச் சொன்னார்கள் என்பது பிரபலமான கதை. 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அது ஸ்பிட்ஃபயர் ஆனது. ஹெரால்டின் 91.5 அங்குல அச்சிடைத் தூரம் இதில் 83 அங்குலம். இரண்டாம் உலகப்போர் விமானத்தின் பெயரை ஒரு மலிவுக் காருக்கு வைத்ததில் உள்ள ஏகாதிபத்திய ஏக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே அது வேண்டாம்.

3

இந்தச் சட்டகத்தின்மேல் காரைப் பூட்டியவர்கள் யார்? கவென்ட்ரி நகரின் கான்லி ஆலைத் தொழிலாளர்கள். ஸ்டாண்டர்டு கம்பெனியில் 'கேங்' முறை என்று ஒன்று இருந்தது. தனித்தனி ஆளுக்கு அல்லாமல், பெரிய குழுவுக்கே உற்பத்திக் கணக்கில் கூலி; குழுவுக்குள் யார் எந்த வேலை பார்ப்பது என்பதைப் பெரிதும் தொழிலாளர்களே முடிவு செய்துகொண்டார்கள். அமெரிக்க ஆய்வாளர் சைமர் மெல்மன் இதைப் பற்றி 1958இல் ஒரு நூலே எழுதினார். நிர்வாகத்தின் மேஸ்திரிகளும் கணக்கர்களும் குறைவாக இருந்த இடத்தில் உற்பத்தி குறையவில்லை என்பதே அவர் கண்டது. 1956இல் அதே கம்பெனி தானியங்கி இயந்திரங்களின் பெயரால் ஆட்குறைப்பு செய்தபோது வேலைநிறுத்தம் வெடித்தது. 'ஆட்டோமேஷன்' என்ற சொல் பிரிட்டிஷ் தொழிலாளி வாயில் வசைச்சொல்லாக மாறியதில் கவென்ட்ரிக்கு முக்கியப் பங்கு உண்டு.

1974இல் ஹாரி பிரேவர்மன் வேலைத்திறன் அழிப்பைப் பற்றி எழுதினார். அறிவை உழைப்பவனின் கையிலிருந்து பறித்து நிர்வாகத்தின் காகிதத்தில் சேர்ப்பதே இருபதாம் நூற்றாண்டு முதலாளியத்தின் வேலை என்பது அவர் வாதம். உடன்படுகிறேன். ஆனால் அவர் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. ஆலையில் அழிக்கப்பட்ட திறன் அழிந்தே போய்விடவில்லை. அதில் ஒரு பகுதி, தெருமுனைப் பட்டறைக்குக் குடிபெயர்ந்தது. ஆலையில் போல்ட்டு முறுக்கும் தொழிலாளிக்கு முழுக் காரும் தெரிய வேண்டியதில்லை. இடிபட்ட காரை நிமிர்த்துகிறவனுக்கோ முழுக் காரும் தெரிந்தாக வேண்டும். கன்வேயர் பெல்ட்டு கூறுபோட்டதை இடிபட்ட வண்டி திரும்ப ஒன்றுசேர்க்கிறது.

1977இல் மைக்கேல் எட்வர்ட்ஸ் பிரிட்டிஷ் லேலண்டுக்குத் தலைவராக வந்தார். 1978இல் லிவர்பூல் ஸ்பீக்கின் இரண்டாம் ஆலை மூடப்பட்டது. 1979 நவம்பரில் லாங்பிரிட்ஜ் ஆலையின் தொழிற்சங்கத் தலைவர் டெரிக் ராபின்சன் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 1980 ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர் வெளியேறியது. கான்லியில் கார் பூட்டும் வேலை அந்த ஆண்டோடு முடிந்தது. அதற்குப் பின்னும் அந்தக் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மார்க்ஸ் 'இறந்த உழைப்பு' என்று சொன்னது இயந்திரத்தில் உறைந்த உழைப்பை. ஆலையும் போய், சங்கமும் போன பின்னால் அந்த இறந்த உழைப்பை உயிரோடு வைத்திருக்கிற உயிருள்ள உழைப்பு, ரிப்பேர் பார்க்கிறவனுடையது.

4

சரி, வேலைக்கு வருவோம். கோட்பாடு பேசுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பத்தியோடு நகர்ந்துவிடுவார்கள். நான் இங்கேதான் கொஞ்சம் உட்காரப் போகிறேன்.

கார் எதிலோ இடித்திருக்கிறது. வேகம் அதிகமில்லை. ஒரு கல்தூண், அல்லது முன்னால் நின்ற வண்டியின் பின்பக்கம். ஸ்பிட்ஃபயரின் பானெட் வெறும் மூடி அல்ல; இரண்டு மட்கார்டும் மூக்கும் சேர்ந்து ஒரே துண்டு. முன்நுனியில் உள்ள கீலில் சுழன்று மொத்தமாக முன்னோக்கி எழும். அந்தக் கீல் பிடித்திருப்பது சட்டகத்தின் முன்நுனியை. ஆகவே முன்நுனி கொஞ்சம் நகர்ந்தாலும் போதும், பானெட்டின் பின்விளிம்புக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரியும். இடிபட்ட காரின் முதல் வாக்குமூலம் அந்த இடைவெளி.

இந்த வாக்குமூலத்தைக் கலைப்பது சுலபம். கீலை அட்ஜஸ்ட் செய்து இடைவெளியைச் சமமாக்கி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 'மேக்கப் போட்டு வித்துருவானுங்க' என்று நம்மூர் டிங்கர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கருத்தியல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. ஆனால் டயர் பொய் சொல்லாது. உள்ளே சட்டகம் கோணலாகவே கிடந்தால் ஒரு பக்க டயரின் ஓரம் மட்டும் தேயும், ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். மேல்கட்டுமானத்தை மட்டும் ஒப்பனை செய்தால் அடித்தளம் வேறு வழியில் பேசிவிடும்.

எனவே அளக்க வேண்டும். மட்டமான தரையில் காரை ஸ்டாண்டு வைத்து நிறுத்தி, பானெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டகத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைந்துள்ள புள்ளிகளை, அதாவது போல்ட்டுத் துளைகளையும் சஸ்பென்ஷன் பூட்டும் இடங்களையும், தேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் குறி. எல்லாக் குறியும் போட்டபின் காரைத் தள்ளிவிடலாம். தரையில் அந்தக் காரின் நிழல் புள்ளிகளாகக் கிடக்கும். இனி எதிரெதிர் மூலைகளுக்கு நூல் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூலைவிட்டமும் சம நீளமாக இருக்க வேண்டும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் எல்லாம் ஒரே மையக்கோட்டில் விழ வேண்டும். நடுக்கட்டத்தில் சரியாக இருந்து முன்கட்டத்தில் மட்டும் பிசகினால் சேதம் முன்னால் மட்டும்தான். எல்லாக் கட்டமும் பிசகினால், முன்னால் வாங்கிய அடி முதுகுவரை போயிருக்கிறது.

பட்டறைக்காரர்கள் சேதத்தை வகை பிரித்துவைத்திருக்கிறார்கள்: பக்கவாட்டில் ஒடிந்தது, கீழே தொய்ந்தது, நீளவாக்கில் நசுங்கியது, ஒரு பக்கச் சட்டம் மொத்தமாகப் பின்னுக்குப் போய்ச் சதுரம் சாய்சதுரமானது, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. தூக்குக்குண்டு தரையில் காட்டுவது தளவாட்டப் பிசகை மட்டும். தொய்வையும் முறுக்கையும் பார்க்கத் தரையிலிருந்து உயரம் எடுக்க வேண்டும். ஒரே அளவீடு முழு உண்மையையும் தராது.

பிறகு நிமிர்த்தல். ஸ்பிட்ஃபயரின் முன்சஸ்பென்ஷன், சட்டகத்தின்மேல் போல்ட்டால் நிற்கும் இரண்டு கோபுரங்களைப் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றி, ஸ்டீயரிங் ராக்கையும் கழற்றி, சட்டகத்தை வெறுமையாக்க வேண்டும். ஒரு முனையை அசையாமல் கட்டிப்போட்டு, இடிவாங்கிய முனையில் கவ்வி மாட்டி, செயினையோ ஹைட்ராலிக் ஜாக்கியையோ வைத்து இழுக்க வேண்டும். 'செயின் நேரா நிக்காத, அறுந்தா கண்ணு போயிடும், மேல ஒரு சாக்கப் போடு' என்பது பட்டறையின் முதல் பாடம். பாடப்புத்தகத்தின் பாதுகாப்பு அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

இழுக்கும் வேலைக்கு ஒரு விதி உண்டு. அடி எந்தத் திசையில் வந்ததோ அதற்கு எதிர்த் திசையில் இழுக்க வேண்டும்; கடைசியாக வந்த வளைவை முதலில் எடுக்க வேண்டும். மோதலின்போது முதலில் முன்நுனி நசுங்கி, பிறகு சட்டம் பக்கவாட்டில் போயிருந்தால், திரும்பும்போது பக்கவாட்டைச் சரிசெய்த பின்தான் நசுங்கலுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் புது வளைவு உண்டாகும். அதாவது, நிமிர்த்துவதற்கு முன் மோதலை மனதுக்குள் மறுபடி நடத்திப் பார்த்தாக வேண்டும். சாட்சி இல்லாத ஒரு நிகழ்வை, அது விட்டுச்சென்ற தடங்களிலிருந்து வரிசைப்படுத்திச் சொல்வது வரலாற்றாசிரியன் வேலை. பெயின்ட் எங்கே விரிசல் விட்டிருக்கிறது, துரு எங்கே புதிதாக உதிர்ந்திருக்கிறது, எந்தத் துளை முட்டையாகியிருக்கிறது என்று பார்க்கிறவன் ஆவணம் படிக்கிறான். நேராக அடி விழுந்த இடத்துச் சேதம் ஒன்று, அடியின் விசை பயணப்பட்டுப்போய் எங்கோ தள்ளி உண்டாக்கிய சேதம் இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்து, அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கலவரங்களை ஆய்வு செய்கிற நமது நண்பர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இரும்பு இழுத்த இடத்தில் நிற்காது, கொஞ்சம் திரும்பும். ஆகவே கோட்டைத் தாண்டிச் சற்றே அதிகம் இழுத்து, விசை இருக்கும்போதே வளைவைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிக்கொடுத்து, பிறகு தளர்த்தி, அளந்து, மறுபடி இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் முடிக்க நினைக்கிறவன் கிழித்துவிடுவான். கூடியவரை சூடு காட்டாமல் இழுப்பது நல்லது. காட்டியே ஆக வேண்டுமென்றால் மங்கிய சிவப்புவரை, குறுகிய இடத்தில். காற்றில் தானாக ஆற விட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. பிரிட்டன் மாதிரி குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் நாட்டில் பெட்டிச் சட்டம் உள்ளிருந்து அரித்திருக்கும். இழுத்தவுடன் தகடு நிமிராமல் பிய்ந்து வந்தால், மோதல் வெளிப்படுத்தியது நாற்பது ஆண்டுத் துருவை. அப்போது நிமிர்த்தலை நிறுத்திவிட்டு அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டியதுதான். மடிந்து கூர்மையாக ஒடிந்த இடமும் அப்படியே. வளைந்தது நிமிரும், ஒடிந்தது நிமிராது.

5

'நேராக்கல்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் வாசகர்கள் சிலருக்கு 1741ஆம் ஆண்டு ஞாபகம் வந்திருக்கும். நிக்கொலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் அந்த ஆண்டில்தான் 'ஆர்த்தோபீடி' என்ற சொல்லை உண்டாக்கினார். கிரேக்கத்தில் ஆர்த்தோஸ் என்றால் நேர். பாய்டியன் என்றால் குழந்தை. கோணல் மரத்தை நேர்க்கம்பத்தோடு கட்டிவைத்த படம் ஒன்று அவர் நூலில் உண்டு. ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலையின் பிறப்பை எழுதியபோது அந்தப் படத்தைத் தன் நூலில் சேர்த்தார். உடலை நேராக்குவது, படைவீரனை, மாணவனை, கைதியை நேராக்குவது – நவீன அதிகாரத்தின் வேலை இதுதான் என்பது வாதம். அப்படியானால் பட்டறையில் சேசிஸை இழுத்துக் கட்டி நேராக்குகிறவனும் ஒரு ஒழுங்குபடுத்தும் ஏஜண்டுதானா? கம்பெனியின் பெயரே 'ஸ்டாண்டர்டு' ஆயிற்றே!

இந்த வாதம் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. ஆந்திரியின் படத்தில் அளவுகோல் மரத்துக்கு வெளியே நிற்கிறது. கம்பம் நேராக இருக்கிறது, ஆகவே மரம் கோணல். பட்டறைத் தரையில் நூல் பிடிக்கிறவன் சட்டகத்தை எந்தக் கம்பத்தோடும் ஒப்பிடவில்லை. அதன் இடதை அதன் வலத்தோடு ஒப்பிடுகிறான். இந்த மூலைவிட்டம் அந்த மூலைவிட்டத்துக்குச் சமமா என்பதே கேள்வி. மேனுவலில் எண்கள் உண்டுதான். ஆனால் மேனுவல் இல்லாதவனும் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்து முடிக்க முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே நேர்மை என்பது ஒரு உறவு. அது மேலிருந்து வந்த கட்டளை அல்ல.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. ஸ்பிட்ஃபயரின் கீழ்விஷ்போன் சட்டகத்தில் பூட்டும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும், 'சிம்' என்பார்கள். சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்ய அவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆலையிலிருந்து வெளிவரும்போதே காருக்குக் காருக்கு இந்தத் தகடுகளின் எண்ணிக்கை மாறும். ஏன்? எந்தச் சட்டகமும் வரைபடத்தைப் போல அச்சாகப் பிறப்பதில்லை என்பது வரைந்தவர்களுக்கே தெரியும். கோணலுக்கு இடம் விட்டுத்தான் வடிவமைத்தார்கள். 'ஒரிஜினல் அளவுக்குத் திரும்பு' என்று பழைய கார்ச் சந்தையும் சேகரிப்பாளர்களும் கோஷம் போடுகிறார்களே, அந்த ஒரிஜினலே ஒரு வரம்பு. ஒரு புள்ளி அல்ல. மூலம் தூய்மையானது, பிறகு வந்ததெல்லாம் திரிபு என்கிற கதையாடலை மதத்திலும் மொழியிலும் சாதியிலும் நாம் எதிர்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு எதிரான சான்று இரும்பிலேயே சில மில்லிமீட்டர் தகடாகச் செருகிக் கிடக்கிறது.

6

இப்போது 'சிறு சேதம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். சிறுசு எது, பெருசு எது?

அமெரிக்க அரசு 1971இல் பம்பர் விதி ஒன்றை எழுதியது. 1972 செப்டம்பர் முதல், அதாவது 1973ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் சுவரில் மோதினாலும் விளக்கு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் பழுதாகக் கூடாது. பிறகு விதி இன்னும் இறுகியது. ஸ்பிட்ஃபயரின் பெரிய சந்தை அமெரிக்கா. அதன் கடைசி ஆண்டுகளின் அமெரிக்க வண்டிகளில் பெரிய கறுப்பு பம்பர்கள் முளைத்தன. மெல்லிய குரோம் பம்பரின் அழகு போச்சே என்று ரசிகர்கள் இன்றும் புலம்புகிறார்கள். 1982இல் ரீகன் அரசு அந்த 5 மைலை இரண்டரை மைலாகக் குறைத்தது. பத்து ஆண்டுகளுக்குள் 'சிறு மோதல்' என்பதன் எல்லை ஏறி இறங்கிவிட்டது. இரும்பு மாறவில்லை, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கார் கம்பெனிக்கும் அரசுக்கும் நடுவில் நடந்த பேரம் மாறியது.

பிரிட்டனில் இன்னொரு விதமான வகைப்பாடு. இடிபட்ட காரைச் சரிசெய்யும் செலவு கட்டுப்படியாகாது என்று முடிவு செய்தால் இன்ஷூரன்ஸ்காரர் அதை எழுதித் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளியவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவுகள் இருந்தன. 2017 அக்டோபரில் சி, டி இரண்டும் நீக்கப்பட்டு எஸ், என் என்ற பிரிவுகள் வந்தன. எஸ் என்றால் கட்டமைப்பில் சேதம், என் என்றால் கட்டமைப்பில் சேதமில்லை; இரண்டுமே சரிசெய்யத்தக்கவைதான். பானெட் சுக்குநூறானால் என். முன்சட்டம் வளைந்தால் எஸ். அந்த எழுத்து பதிவேட்டில் ஏறிய பிறகு கூடவே வரும். கார் எவ்வளவு நன்றாக நிமிர்ந்து ஓடினாலும் சரி, அதன் விலை குறையும். வாங்குகிறவனுக்குத் தகவல் தெரிய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: கார் எவ்வளவு பழசோ, சந்தை மதிப்பு எவ்வளவு குறைவோ, அவ்வளவு சின்ன அடியிலேயே அது 'செத்து' விடும். ஒரே வளைவு விலையுயர்ந்த காரில் பழுது, மலிவான காரில் மரணம். இது உலோகவியல் அல்ல, வர்க்கம்.

அரசின் பக்கம் இன்னும் வேடிக்கை. ஒரு பழைய காரைப் பெரிதாக மாற்றிக் கட்டினால் அது அதே கார்தானா, பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க பிரிட்டிஷ் வாகனப் பதிவுத்துறை நீண்டகாலம் ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருந்தது. சேசிஸுக்கு அல்லது உடற்கூட்டுக்கு 5. சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. எட்டு மதிப்பெண் தேற வேண்டும். எஞ்சின் காரின் இதயம் என்று கவிஞர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அரசுக்கு அடையாளம் எலும்பில் இருக்கிறது. மாற்றப்படாத சேசிஸ், இல்லையென்றால் அதே அளவில் செய்த புத்தம்புது சேசிஸ் – இரண்டுக்குமே 5. வெட்டி ஒட்டி வடிவம் மாற்றிய பழைய சேசிஸுக்கோ சிக்கல். கடையில் வாங்கிய புது எலும்பு 'அதே கார்'. அதே காரின் எலும்பைக் கை வைத்து மாற்றினால் சந்தேகம். சரக்கை நம்புகிற அளவுக்குக் கையை நம்பாத சட்டம்.

7

ஹெரால்டின் துண்டுதுண்டு உடம்பும் தனிச் சேசிஸும் இன்னொரு காரியத்துக்கும் வசதியாக இருந்தன. பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டலாம். சென்னையில் 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தது. பிறகு பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது. 1970களில் அதன் வாரிசாக கெஸல். 1980களின் கடைசியில் அந்த ஆலையும் நின்றுபோனது. கான்லிக்கும் வண்டலூருக்கும் இடையில் இப்படி ஒரு எலும்பு உறவு. கம்பெனி போனபின் இங்கே ஹெரால்டுகளை ஓடவைத்ததும் மேனுவல் அல்ல. பெண்டு எடுக்கிறவர், டிங்கர், வெல்டர், லேத்துக்காரர். எந்த வரலாற்று நூலிலும் இவர்கள் பெயர் இல்லை. புதுப்பேட்டையில் வண்டியைப் பிரித்துப்போடுகிறவர்களைத் 'திருட்டு' என்ற ஒரே சொல்லால் மட்டும் நினைவில் வைத்திருக்கும் நகரம் இது. கட்டுடைத்தல் என்ற சொல்லை நாம் பாரிசிலிருந்து இறக்குமதி செய்து இதழ் நடத்துகிறோம். கட்டுடைத்த பின் எது எதற்குப் பொருந்தும் என்று தொட்டுப் பார்த்தே சொல்கிறவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

பழசு எல்லாம் பொற்காலம் என்று நான் வாதிடவில்லை. மோதினால் தான் மடிந்து உள்ளிருப்பவரைக் காப்பாற்றும்படி செய்யப்படும் இன்றைய கார்கள் ஸ்பிட்ஃபயரைவிடப் பல மடங்கு உயிர் காக்கின்றன. அவற்றின் உயர்வலிமை எஃகைச் சூடுகாட்டி இழுத்தால் வலிமை போய்விடும். பழைய முறை அங்கே செல்லாது என்பதும் உண்மை. ஆனால் புது உலோகத்துக்குப் புது முறை வேண்டும் என்பது ஒன்று. அந்த முறையையும் அளவுகளையும் கம்பெனி தன் பெட்டிக்குள் பூட்டிவைத்துக்கொள்வது வேறொன்று. முதலாவது அறிவியல், இரண்டாவது சொத்துரிமை. இரண்டையும் ஒன்றெனக் காட்டுவதுதான் இன்றைய தந்திரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இலும் 2020இலும் வாக்களித்துக் கார் பழுதுபார்க்கும் தகவல்களைத் தனியார் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். 'ரிப்பேர் உரிமை' என்று அங்கே ஒரு இயக்கமே நடக்கிறது. நமது தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது எந்த இடத்தில் இருக்கிறது? ஆலைத் தொழிலாளிதான் தொழிலாளி, பட்டறைக்காரர் 'குட்டி முதலாளி' என்ற பழைய வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

வளைந்த சட்டகத்தின் முன் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் அட்டவணை. அதில் இதன் விலை இருக்கிறது, ஆகவே இதன் ஆயுளும் இருக்கிறது. இன்னொருவர் கையில் நூலும் தூக்குக்குண்டும். இது எவ்வளவு வளைந்திருக்கிறது, எந்தப் பக்கம், நிமிருமா நிமிராதா என்று அவர் அளந்த பிறகே சொல்வார். சில சமயம் 'இல்லீங்க, இது தேறாது' என்றும் சொல்வார். அந்தத் தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் அவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். சேதம் சிறியதா பெரியதா என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதே இங்கே அரசியல். கார் அதற்கு ஒரு எடுத்துக்காட்டு மட்டும்தான்.